வண்டி கொடுத்தால் வியாபாரம் நடந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருவோர வியாபாரிகளுக்குத் தள்ளுவண்டி, நிழற்குடை, சீருடை முதலியவற்றை வழங்கி, அவர்கள் மூலம் சோப்பு, பற்பசை, பேட்டரி, செருப்பு போன்ற நுகர்பொருள்களை விற்கச் செய்யும் திட்டங்கள் பல நாடுகளில் நடப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள், நகராட்சிகள் என யார் தொடங்கினாலும் செய்தியின் வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான்: புது வண்ணம் பூசிய வண்டிகள் வரிசையாக நிற்கும், ஒருவர் சாவியைக் கொடுப்பார், மற்றவர் வாங்கிக்கொள்வார். அந்த வண்டிகள் அடுத்த ஆண்டு எங்கே நிற்கின்றன என்பதைப் பற்றி நான் படித்ததில்லை. அதைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன்.

நுகர்பொருள் விநியோகத் தொழிலில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன் நான். அதில் ஓராண்டுக் காலம், தெருவோர வியாபாரிகளுக்கு வண்டி கொடுத்த ஒரு நிறுவனத்தின் திட்டத்தில், சரக்கு அனுப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது. விழா அன்று நாற்பது வண்டிகள் நின்றன. எட்டாவது மாதம் நானே நேரில் சென்று கணக்கெடுத்தபோது பதினொரு வண்டிகளில் மட்டுமே வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அவற்றிலும் பெரும்பாலானவற்றில் எங்கள் சரக்கை விட மற்றவர்கள் சரக்கே அதிகமாக இருந்தது. மீதி வண்டிகளில் சில மூட்டை ஏற்றப் பயன்பட்டன. சிலவற்றின் மீது துணி உலர்ந்துகொண்டிருந்தது. இரண்டு வண்டிகள் கைமாறி எங்கோ போய்விட்டன. வியாபாரிகளுக்கு அக்கறை இல்லை என்று நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை எழுதினேன். அந்த அறிக்கை தவறு என்பதை நான் உணர்ந்துகொள்ள இன்னும் சில மாதங்கள் பிடித்தன. நாங்கள் கொடுத்தது வண்டி. அவர்களிடம் இல்லாமல் இருந்தது வேறு.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்கிறேன். தெருவில் வண்டியின் முன் நிற்பவர் கையில் பட்டியலோடு வருபவர் அல்லர். போகிற வழியில் ஏதோ ஒன்று கண்ணில் பட்டு நிற்பவர். சோப்பு வாங்க வந்தவர் அடுத்த சோப்புக்காக இருபது நாள் கழித்துத்தான் வருவார். ஒரே நிறுவனத்தின் ஏழெட்டுப் பொருள்களை மட்டும் அடுக்கி வைத்தால், அந்த இருபது நாள்களும் வியாபாரி வெயிலில் நிற்க வேண்டியதுதான். எனவே அனுபவமுள்ள வியாபாரிகள் சரக்கை இரண்டு வகையாகப் பார்க்கிறார்கள். எல்லாருக்கும் தெரிந்த சோப்பும் பற்பசையும் ஆளை நிற்க வைப்பதற்காக. அவற்றின் விலை எல்லாருக்கும் தெரியும் என்பதால் அவற்றில் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. சீப்பு, ஊக்கு, நகவெட்டி, பூட்டு, கைக்குட்டை, சார்ஜர் வயர் போன்றவை குடும்பம் நடத்துவதற்காக. அவற்றில் பெயர் இல்லை, ஆனால் லாபம் உண்டு. முன்னது இல்லாவிட்டால் ஆள் நிற்க மாட்டார். பின்னது இல்லாவிட்டால் அன்றைய பாடு தீராது. எங்கள் ஒப்பந்தத்தில் 'பிற நிறுவனப் பொருள்களை இவ்வண்டியில் வைக்கக் கூடாது' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியால் நாற்பது பேரின் வருமானத்தில் பாதியை நாங்கள் வெட்டிவிட்டோம் என்பது வரியை எழுதியவர்களுக்கும் தெரியாது, அதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிய எனக்கும் தெரியாது.

இது புதிய பாடமும் அன்று. வங்கதேசத்தில் 2004-ஆம் ஆண்டு கேர் என்ற பன்னாட்டுத் தொண்டு அமைப்பு, ஏழைப் பெண்கள் வீடுவீடாகச் சென்று பாட்டா நிறுவனத்தின் காலணிகளை விற்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிற்பாடு அது பல நிறுவனங்களின் பொருள்களை ஒரே கூடையில் எடுத்துச் செல்லும் முறையாக மாறி, ஜீத்தா என்ற தனி நிறுவனமாகவே வளர்ந்தது. செருப்பை யாரும் வாரந்தோறும் வாங்குவதில்லை. சோப்பும் ஷாம்பும் கூடையில் சேர்ந்தால்தான் ஒரே வீட்டுக்கு மறுபடியும் போக ஒரு காரணம் கிடைக்கும். பெருநிறுவனம் ஒன்று தன் பொருள்களுக்கென்றே ஆள்களை ஏற்படுத்திக்கொள்வதில் குற்றம் இல்லை. ஆனால் அப்படிச் செய்ய அதன் பட்டியலில் அன்றாடம் தேவைப்படும் பொருள்கள் ஏராளமாக இருக்க வேண்டும். அதை விளம்பரச் செலவு என்று சொல்ல வேண்டுமே தவிர, வியாபாரிக்குச் செய்த உதவி என்று சொல்லக் கூடாது.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எங்கள் வண்டி அழகாக இருந்தது, சக்கரம் சிறியது. சிறிய சக்கரம் குழியில் இறங்கினால் ஏறாது. இரும்புத் தகட்டில் செய்த பெட்டி, சரக்கு ஏற்றாமலே கனத்தது. உச்சி வெயிலில் அது கொதித்ததால் சோப்பின் மணம் போயிற்று, பேட்டரி கசிந்தது, உறைகளின் நிறம் வெளுத்தது. நிறம் வெளுத்த உறையைப் பார்த்தவுடனே பழைய சரக்கு என்று சொல்லி வாங்க வந்தவர் நகர்ந்துவிடுவார். இவையெல்லாம் வண்டி செய்வதற்கு முன் நான்கு வியாபாரிகளிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் தெரிந்திருக்கும். பேசவில்லை. அதற்குப் பதிலாக, இருபது ஆண்டுகளாகத் தெருவில் விற்றுப் பிழைத்தவர்களை அரங்கில் உட்கார வைத்து, வாடிக்கையாளரைப் பார்த்துப் புன்னகைப்பது எப்படி என்று இரண்டு நாள் வகுப்பு எடுத்தோம். அந்த இரண்டு நாள் வியாபாரமும் அவர்களுக்குப் போயிற்று.

முக்கியமானது கைமுதல். தெருவோர வியாபாரி பல இடங்களில் காலையில் கடன் வாங்கி மாலையில் திருப்பித் தருகிறார். பிலிப்பைன்ஸில் இத்தகைய கடனுக்கு 'ஐந்து-ஆறு' என்றே பெயர்: ஐந்து வாங்கினால் ஆறாகத் தர வேண்டும். தொண்ணூறு கையில் கொடுத்து மாலையில் நூறாக வாங்கும் தண்டல் முறையை நம்மில் பலர் அறிவோம். இந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தொண்ணூறுக்குச் சரக்கு எடுக்கும் வியாபாரி, நூற்றுக்கு இருபது லாபம் வைத்து முழுவதையும் விற்றுவிட்டால் கையில் 108 வரும். நூறு போக மிச்சம் 8. அதாவது 18 லாபத்தில் 10 வட்டிக்குப் போய்விடுகிறது. முழுவதும் விற்காமல் முக்கால் பங்கு மட்டும் விற்றதென்று வைத்துக்கொள்வோம். மழை பெய்த நாளில் முக்கால் பங்கு விற்பதே பெரிது. அப்போது கையில் வருவது 81. கொடுக்க வேண்டியது 100. குறையும் 19-க்கு ஈடாக அவரிடம் இருப்பது விற்காத சரக்கு. அதைத் தண்டல்காரர் வாங்கிக்கொள்ள மாட்டார். மறுநாள் வியாபாரி கூடுதலாகக் கடன் வாங்குகிறார். ஒரு வாரம் மழை பெய்தால் அவர் விற்பது தமக்காக அன்று, வட்டிக்காக.

இந்தக் கணக்கில் புது வண்டி எந்த எண்ணை மாற்றுகிறது? எதையும் மாற்றவில்லை.

அரசுகள் இதைச் சிறிதும் உணரவில்லை என்று சொல்ல முடியாது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட பிரதமரின் ஸ்வநிதி திட்டம், தெருவோர வியாபாரிகளுக்கு ஈடு கேட்காமல் வங்கிக் கடன் கொடுத்தது. தவணையை ஒழுங்காகக் கட்டியவருக்கு அடுத்த முறை கூடுதல் தொகையும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அது மாதத் தவணைக் கடன். வியாபாரியின் சுழற்சியோ நாள் கணக்கில் ஓடுவது. இடையில் ஒரு நோயோ, திருமணச் செலவோ வந்தால் கைமுதல் கரைந்து, மறுபடியும் காலைக் கடனிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது. இதை ஈடு செய்யக்கூடியவர் வங்கியாளரை விடச் சரக்கு கொடுப்பவரே என்பது என் எண்ணம். பணமாகக் கொடுத்தால் அது எங்கே போகும் என்று தெரியாது என அஞ்சுபவர்கள், சரக்காகக் கொடுக்கலாம். காலையில் கொடுத்து, மாலையில் விற்றதற்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டு, விற்காததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன கணக்கையே இந்த முறையில் போட்டால், முக்கால் பங்கு விற்ற நாளில் 81-இலிருந்து விற்ற சரக்கின் அடக்கவிலையான 67½ போக, 13½ வியாபாரியின் கையில் நிற்கும். ஒரே தெரு, ஒரே மழை, ஒரே விற்பனை. ஆனால் ஒன்றில் 19 குறைகிறது, மற்றொன்றில் 13½ மிஞ்சுகிறது.

இதை நான் நிறுவனத்தில் சொன்னபோது, விற்காத சரக்கைத் திரும்ப எடுத்தால் எங்களுக்கு நஷ்டம் என்றார்கள். பெரிய கடைகளில் காலாவதியான சரக்கையும் உடைந்த சரக்கையும் நாங்கள் திரும்ப எடுத்துக்கொண்டுதான் இருந்தோம். அங்கே அது வணிக மரபு. இங்கே அது நஷ்டம். பணமுள்ளவருக்குக் கிடைக்கும் சலுகை, பணமில்லாதவரிடம் வரும்போது தருமம் என்ற பெயரைப் பெற்றுவிடுகிறது.

திரும்ப எடுப்பதற்குத் தடையாக இருப்பது மனம் மட்டும் அன்று, நடைமுறையும்தான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மொத்த விநியோகஸ்தர் பெட்டி கணக்கில் விற்பவர். தெருவோர வியாபாரிக்கு வேண்டியது ஒரு பெட்டி சோப்பு அன்று, ஆறு சோப்பு, நான்கு பேட்டரி, ஒரு டஜன் சீப்பு. பெட்டியை உடைத்துச் சில்லறையாகக் கொடுக்கும் இடைநிலை வியாபாரி அந்த வேலைக்குக் கூலி எடுத்துக்கொள்கிறார். ஆகவே ஏழை வியாபாரி பெரிய கடைக்காரரை விட அதிக விலைக்கே கொள்முதல் செய்கிறார். பில்லும் கிடைப்பதில்லை. பில் இல்லாததால் பழுதான சரக்கை மாற்ற முடியாது. போலிச் சரக்கு என்றோ திருட்டுச் சரக்கு என்றோ யாராவது கேட்டால் காட்டுவதற்கு எதுவும் இல்லை. கடன் கேட்டுப் போனால் இவர் மாதம் எவ்வளவு வியாபாரம் செய்கிறார் என்பதற்கும் ஆதாரம் இல்லை. என்னைக் கேட்டால், வண்டிக்கு முன்னதாகக் கொடுக்க வேண்டிய கருவி அந்தத் துண்டுச் சீட்டுதான். இப்போது பல நாடுகளில் கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தும் வசதி தெருவரைக்கும் வந்துவிட்டது. கென்யாவில் 2007-இல் எம்-பெசா என்ற கைப்பேசிப் பணச் சேவை தொடங்கியபோது அது முதன்மையாகப் பணம் அனுப்பும் வழியாகவே இருந்தது. இன்று அத்தகைய பரிமாற்றங்களே ஒரு சிறு வியாபாரியின் கணக்குப் புத்தகமாகவும் பயன்படக்கூடும். வருவது மட்டும் பதிவாகி, சரக்குக்குக் கொடுப்பது ரொக்கமாகவே போய்க்கொண்டிருந்தால் கணக்கு பாதியில் நிற்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

பெட்டியை உடைத்துக் கொடுக்க, நடந்து போய் வரும் தூரத்தில் ஒரு சிறு கிடங்கு வேண்டும். கோகோ-கோலா நிறுவனம் 1999-ஆம் ஆண்டு எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில், லாரி நுழைய முடியாத தெருக்களுக்காக இதைத்தான் செய்தது: அந்தந்தப் பகுதியிலேயே ஒருவரைச் சிறு விநியோகஸ்தராக்கி, அவருடைய சிறு கிடங்கிலிருந்து கைவண்டிகளில் கடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு அனுப்பியது. முறை வெற்றி பெற்றதால் ஆப்பிரிக்காவின் வேறு நாடுகளுக்கும் பரவியது. கானாவில் 1960-இல் தொடங்கப்பட்ட ஃபேன் மில்க் நிறுவனத்தின் உறைந்த பால் பொருள்களைக் குளிர்பெட்டி பொருத்திய மிதிவண்டிகளில் தெருத்தெருவாக விற்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது மிதிவண்டிதான், ஆனால் அருகில் ஒரு குளிர்கிடங்கு இல்லாமல் அந்த மிதிவண்டியால் ஒரு நாளும் வியாபாரம் செய்ய முடியாது. நம் திட்டக்காரர்கள் மிதிவண்டியைப் பார்த்துவிட்டுக் கிடங்கைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

இரவில் சரக்கை எங்கே வைப்பது என்பதும் இதோடு சேர்ந்ததே. ஒற்றை அறை வீட்டில், குழந்தைகள் படுத்திருக்கும் இடத்தில் மூட்டைகளை அடுக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். இடமில்லாததால் குறைவாகச் சரக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வார்விக் சந்திப்பு என்ற பெரிய போக்குவரத்து மையத்தில், 1990-களில் நகர நிர்வாகம் தெருவோர வியாபாரிகளுடன் பேசி, நிழற்கூரையும் சரக்கு வைக்கும் அறைகளும் அமைத்துக் கொடுத்தது. பூட்டிய அறை ஒன்று கிடைத்தால், நாள்தோறும் மூட்டை சுமக்கும் கூலியும் நேரமும் மிச்சமாகும்; மொத்தமாக எடுத்தால் கிடைக்கும் விலைக் குறைவும் வியாபாரிக்குக் கிடைக்கும்.

இத்தனையும் இருந்தும், ஒரு நாள் காலையில் எல்லாம் போய்விடக்கூடும். துனீசியாவின் சிதி பூசித் நகரில் 2010 டிசம்பர் 17 அன்று முகமது புவாசிசி என்ற இளம் தள்ளுவண்டி வியாபாரியின் தராசைப் பறிமுதல் செய்தார்கள். முறையிடப் போன இடத்தில் கேட்பாரில்லாமல் அவர் தம்மைத் தாமே தீயிட்டுக்கொண்டதும், அதன்பின் அந்த நாட்டில் மக்கள் கிளர்ந்தெழுந்து ஆட்சியே கவிழ்ந்ததும் உலகம் அறிந்தவை. அரசியலை விட்டுவிட்டு வியாபாரமாக மட்டும் பார்த்தாலும், ஒரு தராசு எவ்வளவு பெரிய முதல் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். எங்கள் ஒப்பந்தத்தில் வண்டி நிறுவனத்துக்கே சொந்தம். ஆனால் அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தால் வியாபாரி கட்டிய முன்பணத்தில் கழித்துக்கொள்ளப்படும். சொந்தம் எங்களுடையது, நஷ்டம் அவருடையது.

சட்டத்தால் இதை ஓரளவு சரிசெய்ய முடியும். இந்தியாவின் 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, பறிமுதல் செய்யும்போது எடுத்த பொருள்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அழுகாத பொருள்களை வியாபாரி கோரிய இரண்டு வேலை நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். இடம் மாற்றுவதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். தெருவோர வியாபாரம் குறித்து ஆலோசனை சொல்லும் நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத உறுப்பினர்கள் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2015-இல் ஏற்றுக்கொண்ட 204-ஆம் பரிந்துரையும், பொது இடங்களை ஒழுங்குமுறையோடு பயன்படுத்த வழிவகுப்பதை உள்ளூர் வளர்ச்சித் திட்டங்களின் ஒரு பகுதியாகச் சொல்கிறது. உலகில் வேலை செய்வோரில் ஏறத்தாழ 200 கோடிப் பேர், அதாவது பத்தில் ஆறு பேருக்கு மேல், முறைசாராத் தொழிலில் இருப்பதாக அதே அமைப்பு 2018-இல் கணக்கிட்டது. இவ்வளவு பேருடைய தொழிலை விதிவிலக்காகக் கருதுவதை விட்டு, விதிக்குள் கொண்டுவருவதே சரி. ஆனால் 'இரண்டு வேலை நாள்' என்று சட்டம் சொல்வது வியாபாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்கும் துணிவும், கூடவே வர ஒரு சங்கமும் வேண்டும். இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் புன்னகைக்குப் பதிலாக இதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

கடைக்காரர்களின் குறையையும் நான் அறிவேன். பல ஆண்டுகள் அவர்களுக்குத்தான் சரக்கு கொடுத்தேன். வாடகையும் வரியும் கட்டும் தம் வாசலுக்கு எதிரே அதே சோப்பை ஒருவர் வண்டியில் விற்பது நியாயமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நடப்பவர்களுக்கு இடமில்லாமல் நடைபாதையை அடைப்பதும் தவறுதான். எங்கே எத்தனை வண்டி, எந்த நேரம் என்ற வரையறை வேண்டும். அதை வகுக்கும் குழுவில் இரு தரப்பும் இருக்க வேண்டும். அந்த வரையறை ஏற்படாத தெருவில், ஒரு நிறுவனம் தன் பெயர்ப்பலகையோடு நாற்பது வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துவது, ஏற்கெனவே அங்கே நிற்பவர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் சேர்த்தே தீங்கு செய்கிறது. நாங்கள் செய்தது அதுதான்.

திட்டம் முடிந்தபின் ஒரு பெண்மணியை அதே தெருவில் பார்த்தேன். எங்கள் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தரையில் தார்ப்பாய் விரித்து விற்றுக்கொண்டிருந்தார். ஏன் அம்மா வண்டியை விட்டீர்கள் என்று கேட்டேன். "தார்ப்பாயில எதை வேணும்னாலும் வைக்கலாம் தம்பி, யாராவது விரட்டினா நாலு மூலையையும் பிடிச்சுத் தூக்கிட்டு ஓடலாம்" என்றார். நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் மூன்று மாதம் யோசித்துச் செய்த வண்டியை விட அந்தத் தார்ப்பாய் அவருடைய தொழிலை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இத்தகைய வழங்கும் விழாவுக்குத் தங்கள் நிருபர் செல்லும்போது, வண்டி யாருக்குச் சொந்தம், பிற சரக்கை வைக்கலாமா, விற்காததை யார் திரும்ப எடுப்பார்கள், பறிமுதலானால் யார் பொறுப்பு என்ற நான்கு கேள்விகளை மேடையில் இருப்பவர்களிடம் கேட்டுப் பதிலையும் செய்தியில் சேர்த்து வெளியிட வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே நிருபர் அதே தெருவுக்குப் போய் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று எண்ணி எழுதினால், முதல் செய்திக்குக் கொடுத்த அதே அளவு இடத்தை அதற்கும் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற நுகர்பொருள் விநியோகஸ்தர்